ஏழாவது கேள்வி

மார்ச் 3, திங்கள்

உரிமம் கைக்கு வந்துவிட்டது. வீடு தேடிப் போய் மசாஜ் செய்ய எத்தனை காகிதங்கள்: படிப்புச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று, காப்பீடு. அலுவலர் சொன்னார்: “கடைக்கு ஒரு கதவுதான்மா. உங்களுக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். அதான் இவ்வளவு.”

ஒவ்வொரு முறையும், கை வைப்பதற்கு முன், உடல்நிலை பற்றிப் பத்துக் கேள்விகளை வாசித்து, பதிலை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். அக்கா சிரித்தாள். “எனக்குக் கல்யாணம் பேசினப்பகூட யாரும் இவ்வளவு கேக்கலடி.”

மார்ச் 19, புதன்

டைப்பிஸ்ட் அம்மா இனி ஒவ்வொரு புதன்கிழமையும். ஓய்வு பெற்றவர், விரல்கள் இன்னும் மேசைமேல் தாளம் போடுகின்றன. மடிப்புக் கட்டிலை ஜன்னலோரம் விரிக்கச் சொன்னார். கேள்விகளை வாசித்தால் கேலி: “போன வாரம்தானே கேட்ட கண்ணு? ஏழு நாள்ல என்ன புது வியாதி முளைச்சிடும்?”

ஏப்ரல் 9, புதன்

படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகிறேன். பத்துக்கும் ‘இல்லை’. அவர் கையெழுத்துப் போட்டால் போதும். நான்கு நிமிடம் மிச்சம்.

“அச்சடிச்ச மாதிரி எழுதுறியே!” — அவரிடமிருந்து அந்தப் பாராட்டு!

மே 7, புதன்

மழை. அவருடைய இடது கெண்டைக்கால் சூடாக இருந்தது. “பஸ்ல நாலு மணி நேரம் உக்காந்தேன், அதான் பிடிச்சிருக்கு” என்றார். அங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டேன். தூங்கிப்போனார்.

மே 9, வெள்ளி

அவர் மகளின் போன். காலில் உறைந்திருந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாம். நேற்று மாலை இறந்துவிட்டார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்டதற்கு எனக்கு நன்றி சொன்னாள். நன்றி.

மே 12, திங்கள்

ஏழாவது கேள்வி: காலில் வீக்கம், சூடு, வலி உண்டா? — இல்லை. என் கையெழுத்தில்.

கட்டி தானாகவும் நகர்ந்திருக்கலாம், சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உரிம அலுவலகம் படிவத்தைக் கேட்டிருக்கிறது. காப்பீட்டுக்காரர் குரலில் நிம்மதி: “‘இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க மேல ஒரு தூசி படாது. வாயை மட்டும் திறக்காதீங்க.” கதைகளில் காகிதம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். இங்கே ஒளித்துவைக்கிறது.

மே 13, செவ்வாய்

மகள் மறுபடி அழைத்தாள். படிவத்தின் நகல் அவளுக்கும் போயிருக்கிறது. “கால் வலிக்குதுன்னு என்கிட்டதான் சொல்லல. உங்ககிட்டயும் மறைச்சிட்டாங்களே. கேட்டதுக்குப் பொய் சொல்லி, அதுக்கு ஒரு கையெழுத்து வேற! என்ன பொம்பளை இவங்க?” அழுகையா கோபமா, தெரியவில்லை.

ஐயோ, அவங்க எங்க பொய் சொன்னாங்க? சொன்னாங்களே, பஸ்ல உக்காந்தேன், பிடிச்சிருக்குன்னு சொன்னாங்களே! நான்தான் கேக்கல. கேக்கவே இல்ல.

உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். “செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா? உன் பொழைப்புல நீயே ஏன்டி மண்ணை அள்ளிப் போட்டுக்கிற?”

மே 15, வியாழன்

மகளின் வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: வீட்டிலேயே நிரப்பியது, சூடாக இருந்த கால், அழுத்தியது.

கதவைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப அம்மா மறைக்கல.”

“இல்லை.”

“மூணு நாளா அவங்க படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.” பிறகு, “நீங்க போயிடுங்க” என்றாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

அங்கிருந்து நேராக உரிம அலுவலகம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மே 21

புதன்.

ஜூன் 11, புதன்

உரிமம் ரத்து. ஒப்படைப்பதற்கும் ஒரு படிவம், அதிலும் பத்துக் கேள்விகள். பேனாவை எடுத்தேன். அதே அலுவலர்தான். “இருங்கம்மா, நான்தான் வாசிக்கணும்” என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வாசித்தார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார், நான் சொன்னதை எழுதினார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவர் அவசரப்படவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு நிமிடம்.