எலிக்குப் பயந்து அடைத்த ஓட்டை

என் வண்டிக்குப் பாதி வைத்தியரும் எனக்கு முழு அண்ணனுமான தவமணி அண்ணே,

இதை நம்முடைய நோட்டிலேயே எழுதுகிறேன், உங்கள் கடைசிக் குறிப்புக்கு நேர் கீழே. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்பவுமே உன் எழுத்து கோணல்தானே என்பீர்கள், அதுவும் சரிதான்.

நான்கு நாளாக நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. வண்டிக்கு வெளியே தார்ப்பாயைக் கட்டி, மூன்று செங்கல் வைத்து, ஈர விறகோடு மல்லுக்கட்டிச் சமைப்பது என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை அந்தோணிதான். சாம்பாரில் புகை வாசம். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து தூரப் போய்விடுகிறேன். அடுத்த வாரம் திருவிழாவுக்குக் கிளம்ப வேண்டும். வண்டியை விற்றுவிடலாம், திருநின்றவூர் பக்கம் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். விற்றால் திருவிழா திருவிழாவாகப் போய்ப் போட்டோ எடுக்கும் எங்கள் பிழைப்பும் சேர்ந்து போகும். அது தெரிந்துதான் சொன்னேன்.

என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? வண்டியில் குடியிருப்பவர்களின் பயம் வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் புரியாது அண்ணே.

முதல் முதலாக உங்களைப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸை, பாடி ஊரில் ஒரு ஷெட்டில் பெட்டி கட்டி, இரண்டு படுக்கையும் ஒரு மேடையும் போட்டு, பருத்திப்பட்டு ஏரிப்பக்கத்து மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். பக்கத்தில் உங்கள் வேன். பழைய பள்ளிக்கூட வண்டி, ஜன்னலில் நீலத் திரை, பின்னால் பைபிள் வசனம். நீங்கள் ஃபேக்டரியிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு, ராஜம் அண்ணியோடு கிராமம் கிராமமாகப் போய் ஸ்லைடு படம் காட்டிப் பிரசங்கம் செய்கிறவர். நாங்கள் கோயில் திருவிழாக்களில் திரை கட்டிப் போட்டோ எடுக்கிறவர்கள். வந்ததும் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று கேட்டீர்கள். சிவப்புச் சிலுவையை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தோம்.

அந்த வாரமே இந்த நோட்டைத் தொடங்கினோம். வண்டியில் எதையாவது சரிசெய்தால், கண்டுபிடித்தால், அதை எழுதி மற்றவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதன் கீழே பதில் எழுத வேண்டும். நீங்கள் பிரசங்க ஊழியத்துக்குப் போனால் நோட்டு உங்களோடு வரும், நாங்கள் திருவிழாவுக்குப் போனால் எங்களோடு. இப்போது புரட்டிப் பார்க்கிறேன். கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே ஈரச் சாக்கு போடு. வண்டியைச் சமமாக நிறுத்தாமல் தோசை வார்க்காதே. மாவுப் பாத்திரத்தைச் சேலைத் துணியில் கட்டிக் கொக்கியில் தொங்கவிடு, பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்திலும் சிந்தாது. இது என் குறிப்பு. கீழே நீங்கள், "சிந்தியது. உன் அண்ணி என்னோடு பேசவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்போது நான் பம்ப் ஸ்டவ்வில்தான் சமைத்தேன். உங்களுக்கு இரண்டு சிலிண்டர் இருந்தது. ஒன்றை எங்களுக்குக் கொடுத்தீர்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பயம். வண்டிக்குள் குண்டை வைத்துக்கொண்டு தூங்குவதா என்று அழாத குறையாகக் கேட்டேன். "என்னத்துக்குப் பயப்படுத தங்கச்சி? அது ஒன்னக் கடிச்சா திங்கப்போவுது?" என்று சிரித்தீர்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் ஒரு ஓட்டை போட்டீர்கள், எலுமிச்சம்பழம் விழுகிற அளவு. எதற்கு என்று கேட்டதற்குக் காற்று போக என்றீர்கள். இரண்டு ஜன்னல் இருக்கும்போது தரையில் எதற்குக் காற்று? நான் மறுபடி கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

அந்த ஓட்டை வழியாக எலி வந்தது. அரிசி மூட்டையில் எலி, மாதா படத்துக்குப் பின்னால் எலி, மகள் நான்சியின் பள்ளிக்கூடப் பையில் எலி. ஆடி மாதம் ஒரு நாள், பழைய ட்யூப் ரப்பரை வெட்டித் திணித்து, மேலே தார் ஊற்றி அடைத்துவிட்டேன். பெருமையாக நோட்டில் எழுதினேன்: "எலித் தொல்லை தீர்ந்தது. உங்கள் காற்றோட்டத்துக்கு ஒரு கும்பிடு." நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் திருவிழாவுக்குப் போனோம்.

செய்தி வந்து சேர்வதற்குள் உங்கள் அடக்கம் முடிந்துவிட்டது. மாரடைப்பு, பத்து நிமிஷம்கூட இல்லை என்றார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜம் அண்ணி நோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். உள்ளே எதுவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அந்தோணி எடுத்த உங்கள் போட்டோதான், அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரிக்காமலே ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இப்போது ஐப்பசி மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஏரித் தண்ணீர் மைதானத்தின் ஓரம் வரை வந்துவிட்டது. ஜன்னல்களை அடைத்து, கதவு இடுக்கில் கோணி திணித்து, உள்ளே மூன்று பேரும் புழுங்கிக் கிடந்தோம். நாலாம் நாள் காலையில் அந்தோணி குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு நான் காப்பி போட எழுந்தேன்.

முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது. உரசினேன், மருந்து உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்து, ஈரம் போகத் தலைமுடியில் தேய்த்தேன். அப்போது நான்சி ரிப்பனைத் தேடிக் குனிந்தாள். படுக்கைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"மா, கீய இன்னா நாத்தம்? அழுவுன முட்ட கணக்கா கீது."

எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை அண்ணே. நான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்தேன். முழங்காலுக்குக் கீழே முகம் போனதும் மூக்கில் அடித்தது. கையில் குச்சி, இன்னொரு கையில் பெட்டி. அந்த இரண்டையும் கீழே வைக்கக்கூடப் பயந்தேன். எதை எங்கே வைத்தால் தீப்பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்து மழையில் குதித்தேன். ஒன்பது வயதுப் பெண்ணை எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. புளியமரத்தடி வரை ஓடித் திரும்பிப் பார்த்தேன். வண்டி அப்படியே நின்றது. தீப்பெட்டி என் கைக்குள்ளேயே நசுங்கிப்போயிருந்தது.

அந்தோணி வந்து, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிலிண்டரை மூடினார். அவர் உள்ளே இருந்த அந்த நேரம் நான் எந்தச் செபமும் சொல்லவில்லை. ஒன்று கூட வாயில் வரவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு வெளியே வந்து என்னிடம் ரப்பர் குழாயைக் காட்டினார். சிலிண்டருக்குப் பின்னால் பல் பட்டுக் குதறியிருந்தது. மழைக்கு ஒதுங்கி ஒரு எலி கதவு வழியாக உள்ளே வந்திருக்கிறது அண்ணே, ஓட்டையைத்தான் நான் அடைத்துவிட்டேனே. போக வழியில்லாமல் கண்டதையும் கடித்திருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள். நான் எலிக்குப் பயந்து கொளுத்தப் பார்த்தேன், அதுவும் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு.

சாமானையெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் இறக்கினோம். ட்ரங்குப் பெட்டியும் வந்தது. அந்தோணி வண்டிக்கு அடியில் படுத்துத் திருப்புளியால் தாரைக் குத்தி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாத்தே எதுக்கு இந்த ஓட்டயப் போட்டாருன்னு நோட்டுல எழுதலியா?"

அப்போதுதான் பிரித்தேன். உள்ளே இருந்தது போட்டோ இல்லை. வட்டமாக வெட்டிய கம்பி வலை, ஓரத்தில் நாலு துளை, நூலால் பக்கத்தோடு தைத்து வைத்திருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் கையெழுத்து.

"தங்கச்சி, ஓட்டையை உடனே திற. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே ஏறாது, தண்ணீர் மாதிரித் தரையில் தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் அடியில் கிடப்பது முழுக்கப் போகாது. அது போகிற வழிதான் அந்த ஓட்டை. முதலிலேயே இதைச் சொல்லாதது என் தப்பு. சொன்னால் நீ பயந்து அடுப்பையே தொட மாட்டாய் என்று விட்டுவிட்டேன். எலிக்கு இந்த வலை. நீங்கள் ஊருக்கு வந்ததும் நான் வந்து மாட்டுகிறேன்."

எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. பயப்படுவேன் என்று சொல்லாமல் விட்டீர்களே, பயம் என்னைச் சாகடித்துவிடுமா? சொல்லியிருந்தால் நான் அடைத்திருப்பேனா? மழையில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். ஆனால் நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். இரண்டு மாதம் அது என் சேலைக்கு அடியில் கிடந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படுத்திருக்கிறோம். அந்த முதல் குச்சி காய்ந்ததாக இருந்திருந்தால்? ரிப்பன் மேடை மேல் இருந்திருந்தால்?

மற்றச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி திருநின்றவூரில் தங்கை வீட்டில் இருக்கிறார்கள், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உங்கள் வேன் அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோழிகள் படியில் முட்டையிடுகின்றன. நேற்று ரயிலில் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அதற்கு அண்ணி, அந்த வலையை வெட்டும்போது உங்கள் விரல் கிழிந்து ரத்தம் வந்தது, "அந்தப் புள்ள பயந்தாங்கொள்ளி, சீக்கிரம் மாட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினீர்கள் என்றார்கள். வலையின் ஓரத்தில் இருந்த கறையைத் துரு என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் வந்து மாட்டுகிறேன் என்று எழுதினீர்கள். நீங்கள் வரவில்லை. இன்று மத்தியானம் நானே வண்டிக்கு அடியில் சேற்றில் படுத்து மாட்டினேன். நாலு ஸ்க்ரூ. அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குழாயும் புதிது மாற்றியாகிவிட்டது. அந்தோணி உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

பயம் போகவில்லை அண்ணே. போகும் என்றும் தோன்றவில்லை. வண்டியை விற்கும் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். நாளைக் காலையில் அடுப்பை நானே பற்றவைப்பேன். கதவைத் திறந்துவைத்து, முதலில் முழங்கால் போட்டு, தரையில் முகம் வைத்து மோந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெட்டியைத் தொடுவேன். இருக்கிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் இதைச் செய்வேன். நான்சிக்கும் இதையே பழக்குவேன், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லியே பழக்குவேன். உங்கள் மாதா கோயிலில் எதற்கெடுத்தாலும் முட்டி போடுகிறீர்களே என்று எங்களைக் கேலி செய்வீர்கள், இல்லையா? இந்த முட்டி உங்களுக்காக.

நீங்கள் எழுதியதைக் காலம் கடந்து படித்த,
உங்கள் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி
பிலோமினா