கிடங்குப் பூச்சி

ஜூன் 4
அன்புள்ள உங்களுக்கு,
அம்மா வீட்டுக்கு வந்ததுமே தடிப்பெல்லாம் அமுங்கிவிட்டது. இங்கே கொசு கடித்தால்கூடச் சின்னப் புள்ளிதான். "கட்டிக்கிட்டவரே உனக்கு ஒத்துக்கலையோ?" என்று அக்கா கேலி செய்கிறாள். நம் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கும், பாருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் வாயாடி

ஜூன் 15
என் வாயாடிக்கு,
மெத்தையை எரித்தாயிற்று. கட்டில் இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தேன். "வீட்டுல விசேஷமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆமா, பொண்டாட்டி வர்றா" என்றேன். ஒரு பூச்சிகூட இல்லை. கிளம்பி வா.
உன் வீட்டுக்காரன்

ஜூலை 2
அன்புள்ள உங்களுக்கு,
நம் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே மறுபடி தடித்ததும் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்களே. உங்கள் மேல் எனக்கென்ன கோபம்?
அம்மாவும் நானும் தோல் டாக்டரைப் பார்த்தோம். கட்டிலில் ஒன்றும் இல்லையாம். நீங்கள் மூட்டை தூக்கும் தானியக் கிடங்கில், கண்ணுக்கே தெரியாத பூச்சி இருக்கிறதாம். உங்கள் சட்டையில், துண்டில் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். உங்களையும் கடிக்கும். என் உடம்புதான் தாங்காதாம். "இந்தத் தடவை உதடு வீங்குச்சு. அடுத்த தடவை தொண்டை அடைச்சா என்னம்மா பண்ணுவ?" என்றார்.
உங்கள் வாயாடி

ஜூலை 20
என் வாயாடிக்கு,
இப்போது கிடங்குக் குழாயிலேயே குளித்து, துணி மாற்றித்தான் வெளியே வருகிறேன். மருந்தடிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன். "உன் பொண்டாட்டிக்காகக் கிடங்கை மூடணுமா?" என்று சிரிக்கிறார். மர அறுவை மில், சிமென்ட் கடை, எங்கேயும் ஆள் வேண்டாமாம். மூட்டையை விட்டால் எனக்கு என்ன தெரியும், சொல்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தலையை மொட்டை அடித்துவிட்டேன், சிரிக்காதே. புதுச் சட்டைதான் போட்டு வருவேன். தூரமாகவே உட்காருகிறேன்.
உன் வீட்டுக்காரன்

ஜூலை 29
அன்புள்ள உங்களுக்கு,
நீங்கள் வாசல் பெஞ்சின் அந்தக் கோடியில்தான் உட்கார்ந்தீர்கள். எழுந்து வந்து தோளில் சாய்ந்தது நான். "கொஞ்ச நேரம்தானே" என்று நானேதான் சொன்னேன். அதனால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நீங்கள் பஸ் ஏறும்வரை ஒன்றுமில்லை. எனக்குக் குணமாகிவிட்டது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். விடிந்ததும் கழுத்தெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துவிட்டது. ஊசி போட்டார்கள். இப்போது பரவாயில்லை.
வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதத்தான் ஆசை. வந்து என்ன செய்வீர்கள், எதைச் சாப்பிடுவோம் என்று யோசித்தால் கை ஓடவில்லை.
வரும் ஞாயிறு வராதீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். வரச் சொல்லி எப்போது எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. கடிதம் மட்டும் போடுங்கள். கிடங்கில் உட்கார்ந்து எழுதாதீர்கள்.
உங்கள் வாயாடி