ஆறுதலாய் என்றால் என்ன, அக்கா?

அக்கா,

இன்று காலை டூட்டிங் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, உங்கள் ஐந்து நொடிக் குரல் பதிவை மறுபடியும் கேட்டேன். பத்தரைக்கு நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

காப்புரிமை வழக்கு. பீங்கானை மெதுவாகச் சூடாக்கும் முறை தன் கண்டுபிடிப்பு என்கிறது ஒரு நிறுவனம். அது பழைய சங்கதிதான் என்று காட்ட, எதிர்த்தரப்பு யாழ்ப்பாணப் பட்டறை ஒன்றின் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் ஒரு வரி: "ஆறுதலாய்ச் சூடாக்குக." மெதுவாக என்று மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டவள் நான். நிறுவனத்தின் நிபுணர் சென்னைக்காரர். ஆறவைத்துப் பிறகு சூடாக்கச் சொல்கிறது என்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் காப்புரிமை நிற்பதும் விழுவதும்.

நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நாம் ஒரே மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "ஆறுதலா வாங்கோ அக்கா" என்று செய்தி அனுப்பினேன். அவசரமில்லை என்பதை யாழ்ப்பாணத்தவர் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மதுரைக்காரியான நீங்களோ ஆறுதல் சொல்ல வரச் சொல்கிறேன், என் வீட்டில் இழவு என்று நினைத்து, நோர்பரியிலிருந்து அடித்துப் பிடித்து வந்தீர்கள்.

"யாருக்கு என்னாச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. ரொட்டி சுடுறன், இருங்கோ."

அதன்பிறகு என்னைச் சீண்டும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் எடுப்பீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக அனுப்பிய இந்தப் பதிவிலும் அதேதான். "கொஞ்சம் ஆறுதலா வாங்க." வழக்கமான சீண்டல் என்று எடுத்துக்கொண்டேன். கையிலிருந்த ஆவணத்தை முடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தேன். உங்கள் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாதா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் இன்று என்னைக் கேட்பார். உண்டு என்பேன். சொன்னவர் எந்த ஊர் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும், குறிப்பேட்டை எழுதியவர் யாழ்ப்பாணத்தவர், ஆகவே மெதுவாக என்பேன். நீதிபதி ஏற்பாரோ மாட்டாரோ, அது உண்மை.

எனக்குப் பயம் அந்த வழக்கறிஞரிடம் அல்ல அக்கா. சொன்னவரின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். நீங்கள் மதுரை.