அம்மா காட்டிய இடம்

என் செல்ல அக்கா சாந்திக்கு,

எப்படி இருக்கிறாய் என்று முதல் வரி எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ போய் மூன்று வருடம் முடிகிறது. போன இரண்டு நினைவு நாளையும் படத்துக்கு மாலை, வடை, பாயசம் என்று முடித்துக்கொண்டேன். இந்த வருடம் அதோடு விட முடியாது. அம்மாவுக்குச் சிறுநீர்ப்பையில் கேன்சர்.

இந்த மாதம் முழுக்க எனக்கு இருந்த ஒரே வேலை, ஆபரேஷனுக்கு அம்மா வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல்லை வாங்குவதுதான். நீ இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அம்மா உன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்? நான் பேசுவது அவளுக்கு ரேடியோ ஓடுகிற மாதிரி. சத்தம் அதிகமானால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறது. அம்மாவின் உள்பாவாடையில் சிவப்புக் கறையைப் பார்த்து என் பெண்டாட்டி மல்லிகா கேட்டிருக்கிறாள். "அரக்குப் பட்டு நெய்துகினு கீறேன் இல்ல, சாயம் ஒட்டியிருக்கும்" என்றாளாம் அம்மா. மல்லிகா வந்து சொன்னாள், நான் தலையாட்டினேன். இருபத்தைந்து வருடமாக வீடு வீடாகப் போய்ப் பட்டுப்புடவை விற்கிறேன். 'எங்க தறிப் புடவை சாயம் போகாதுங்க, எழுதித் தரேன்' என்று சத்தியம் செய்கிற வாய் இது. அந்தத் தறியில் சாயம் ஒட்டியது என்றதும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவனும் நான்தான்.

வலி இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று அம்மாவே முடிவு கட்டிக்கொண்டாள். எரிச்சல் வந்தபோது மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நாலு தடவை. பொங்கல் கழித்து ஒரு நாள் பாத்ரூமிலிருந்து மல்லிகாவைக் கூப்பிட்டாள். கட்டி கட்டியாக ரத்தம். அன்றைக்குத்தான் வேலூருக்கு பஸ் ஏறினோம். நீ இருந்திருந்தால் முதல் கறையிலேயே ஏறியிருப்போம், இல்லையா?

உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள், சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் ஒரு தாளில் பலூன் மாதிரி வரைந்து காட்டினார். கட்டி உள்தோலைத் தாண்டித் தசைக்குள் இறங்கிவிட்டது. வழி இரண்டு. ஒன்று, சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வைத்து வயிற்றில் ஒரு வாசல் வைப்பது. சிறுநீர் அந்த வழியாக வந்து, வெளியே ஒட்டிய பிளாஸ்டிக் பையில் சேரும். இன்னொன்று, எதையும் எடுக்காமல் கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்வீச்சை வைத்து, மருந்தும் ஏற்றுவது.

"ஆனா இவங்களுக்குக் கட்டி ரெண்டு மூணு இடத்துல இருக்கு. ஒரு பக்கம் கிட்னியும் வீங்கியிருக்கு. கரண்ட்டுக்கு அவ்வளவா கேக்காது. எங்க அம்மாவா இருந்தா ஆபரேஷன்தான் சொல்வேன்" என்றார்.

நான் விடவில்லை. "புடவையில ஓட்டை விழுந்தா அந்த எடத்துல மட்டும் இழை கோத்து அடைப்போம் சார். அந்த மாதிரி எதாவது..."

"நல்ல கேள்விதான். ஒரே இடத்துல இருந்தா யோசிக்கலாம். இது பரவியிருக்குங்க."

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன் டாக்டரிடம் நல்ல பேர் வாங்கிவிட்டேன். உருப்படியான கேள்வியைக் கேட்டது அம்மாதான். "அப்படியே விட்டா இன்னா ஆவும்?"

"ரத்தம் நிக்காதும்மா. வலி வரும். ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம்."

அம்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "மூத்திரத்தை வயித்துல ஒட்டிகினு திரிய மாட்டேன். அறுபத்தெட்டு ஆவுது. போதும். நீ பேசாத வா."

கிளம்பும்போது நர்ஸ் இரண்டு பைகளைக் கையில் கொடுத்திருந்தார். "பாதி தண்ணி ஊத்தி வயித்துல ஒட்டிப் பாருங்க. உக்காருங்க, குனிங்க, வீட்டு வேலை செய்ங்க. எங்க தொந்தரவு இல்லையோ அங்கதான் வாசல் வெப்போம்" என்றார். அம்மா அவற்றைப் பழைய காலண்டர்களுக்கு அடியில் போட்டாள். இரண்டு வாரம். கெஞ்சினேன், கோபப்பட்டேன், காலைச் சாப்பாடு வேண்டாம் என்று உண்ணாவிரதம் இருந்தேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள். போராட்டம் அந்த ஒரு வேளையோடு முடிந்தது.

அதற்கடுத்த வாரம், அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம், அந்தப் பை ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றி என் வயிற்றில் ஒட்டிக்கொண்டேன். என் தொப்பையில் இடத்துக்குப் பஞ்சமா? தொப்புளுக்குக் கீழே, லுங்கி முடிச்சு பக்கத்தில். டீக்கடைக்குப் போய் வந்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரி, தறியிலும் உட்கார்ந்து காட்டிவிட்டால் அம்மாவுக்கு மறுபேச்சு இருக்காது என்று அவள் தறிக் குழியில் காலை இறக்கினேன். அடுத்த தறியில் மல்லிகா நெய்துகொண்டிருந்தாள். எனக்கு நெசவு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். நாலு இழை போட்டு முன்னால் சாய்ந்தேன். நெய்த புடவையைச் சுருட்டுகிற படமரம் வயிற்றில் அழுத்தியது. பை பிளந்துகொண்டது.

அம்மா சர்க்கரைப் பையோடு வாசலில் நிற்கிறாள். "டேய், இன்னாடா இது! நாப்பத்தெட்டு வயசுல, தறியிலயேவா?"

பனியனைத் தூக்கிக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பார், அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு. நீ போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

புடவை ஒரு சாண் நனைந்திருந்தது. வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே திட்டினாள். "யார்ரா உன்னை அங்க ஒட்டச் சொன்னது? சாயும்போது மரம் இங்க வந்து முட்டும். பாவாடை நாடா இங்க வரும். ரெண்டுத்துக்கும் மேல, வலது பக்கமா ஒட்டணும். இங்க." தன் வயிற்றில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அப்ப அங்கயே வெக்கச் சொல்லட்டா?"

கை சட்டென்று இறங்கிவிட்டது. "இன்னிக்கு இது தண்ணி. நாளைக்குத் தண்ணியா இருக்குமா? முகூர்த்தப் புடவைடா இது. மூத்திரத்தை இடுப்புல வெச்சிகினு இதை நெய்யறதா? கட்டிகினு மணையில உக்கார்ற பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

வலி, வயசு, ஆபரேஷன் பயம் என்று வாரக்கணக்கில் எதை எதையோ பேசித் தீர்த்திருக்கிறேன். அவளைத் தடுத்தது இதுதான்.

பதில் அடுத்த தறியிலிருந்து வந்தது. மல்லிகா கையை நிறுத்தவில்லை. "அத்தை, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து மாசத்துல அந்த மூணு நாளும் நான் தறியிலதான் உக்காந்துகினு கீறேன். உங்ககிட்ட சொன்னதில்ல. எத்தினி முகூர்த்தப் புடவை போயிருக்கு? எந்தப் பொண்ணு கெட்டுப்போச்சு?"

நான் குழிக்குள்ளேயே குனிந்துகொண்டேன். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே ஓடுவதா, நடுவில் போய் நிற்பதா என்று யோசித்தேன்.

"என்னை மட்டும் இன்னான்னு நெனச்ச?" என்றாள் அம்மா. "மூணு நாள் தறி நின்னா புடவை கேட்டவன் வூட்டு வாசல்ல வந்து நிப்பான். என் மாமியாருகிட்ட நான் சொன்னனா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நடுவில் ஈர லுங்கியோடு நான். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னென்ன நடந்திருக்கிறது! உனக்கு இதெல்லாம் தெரியுமா அக்கா? தெரிந்திருக்கும்.

இரண்டாவது பையை மல்லிகா ஒட்டிவிட, அம்மா தறியில் உட்கார்ந்தாள். என்னை வெளியே விரட்டிவிட்டார்கள். சாயங்காலம் வரை தறிச் சத்தம் நிற்கவே இல்லை. இறங்கி வந்து சொன்னாள்: "அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லிடு. நான் காட்டற எடத்துல வெக்கலன்னா எழுந்து வந்துடுவேன்."

அம்மாவின் 'சரி' அதுதான்.

மறுபடி வேலூர் போனபோது நர்ஸ் அவளை உட்கார வைத்து, குனிய வைத்து, படுக்க வைத்துப் பார்த்து மையால் குறித்தார். அம்மா சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம். கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள். "என் உடம்புக்கு நீ ஏண்டா போடற?" எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதினாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். பெரிய ஆபரேஷன், வயசும் ஆகிவிட்டது, எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் மேற்கொண்டு மருந்தா இல்லையா என்று சொல்வோம் என்றார் டாக்டர். செய்யாவிட்டால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் போகிறோம்.

பை மாற்றக் கற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் நர்ஸ். "பொண்ணு இருக்காங்களா?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கையைத் தூக்கினேன். அளவெடுத்து ஓட்டை வெட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மடிப்பு விழாமல் ஒட்ட வேண்டும். நான் வெட்டிய முதல் ஓட்டையில் எலுமிச்சம்பழம் உருளும். ஐந்தாவது சரியாக வந்தது.

"ஆம்பளப் புள்ளகிட்ட எப்படிடா காட்டுறது?" என்றாள் திரும்பி வரும்போது.

"நீ எனக்கு எத்தினி வருஷம் கழுவி விட்ட?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. மல்லிகாவும் கத்துப்பா. ஆனா நான்தான் மொதல்ல."

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கிற மாதிரி எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். "எழுது. செவப்பா பாத்தா வாய மூடிகினு இருக்காதீங்கடின்னு எழுது. என் பேரை மட்டும் போடாத" என்றாள். போடவில்லை.

நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம். புதன்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நைட்டிதான் வசதி என்றார்கள். வாழ்நாளில் நைட்டி போடாதவள், நீ இங்கே வந்தால் போட்டுக்கொள்ள விட்டுப்போன இரண்டையும் எடுத்தாள். உன் உயரத்துக்கு அவளுக்குத் தரையில் புரண்டது. நாலு விரற்கடை மடித்துத் தைத்துவிட்டாள். "அவளுதை மடிச்சித் தெச்சிட்டியே, வந்து கேட்டா இன்னா சொல்லுவ?" என்றேன் விளையாட்டாக.

"வந்து கேக்கட்டும்" என்றாள்.

புதன்கிழமை அவள் கண் திறக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பையை மாற்றும் முதல் கை என்னுடையது. நன்றாக இருக்கிற நாளிலும், இல்லாத நாளிலும். அவளுக்கு நீ செய்ய வேண்டிய வேலையை நான் எடுத்துக்கொண்டேன் அக்கா. பாதியில் விட மாட்டேன்.

இந்த வருடத்தோடு வயதில் உன்னைத் தாண்டிவிட்ட, ஆனாலும் உனக்கு இளையவனான
உன் தம்பி,
பாபு
ஆரணி