சிரிப்பைக் கடைசியில் வைத்தோம்

திருச்செங்கோடு
12.1.2025

அன்புள்ள மாப்பிள்ளை கிறிஸ்துராஜுக்கு,

செங்கோடன் சொல்ல, மருமகள் வெண்ணிலா எழுதுவது. மாடிப்படி ஏறாதவரை நான் நலம். நாம் போனில்கூடப் பேசக் கூடாதென்று தங்கச்சி இன்பமேரி போட்ட தடையை இதுவரை மீறவில்லை. போன வருசம் கல்யாணப் பந்தியில் நாம் சிரித்த சிரிப்புக்கு, இருமி இருமி உனக்கு உதடு நீலம் பாய்ந்ததே, அவள் பயம் நியாயம்தான். கடிதமென்றால் அவரவர் வீட்டில் அளவாகச் சிரித்துக்கொள்ளலாம்.

இருபத்தேழு வருசம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் நாம் தின்ற கல்புழுதி நுரையீரலில் தழும்பாகிக் கிடக்கிறதல்லவா? இந்த நோயில் இனி எதை ஆராய வேண்டுமென்று நோயாளிகளையே கேட்கப்போகிறார்களாம். எனக்கு நெஞ்சு பார்க்கும் டாக்டர் கிருத்திகா சொன்னார். பிப்ரவரி எட்டு, சேலத்தில். மதியச் சோறும் உண்டு.

என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. சிரித்தால் ஏன் இருமல் பிடிக்கிறது, அதற்கு வழி உண்டா? அது பட்டியலில் ஏறினால், நாம் பழையபடி எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நாள் வரலாம். நீயும் வா.

உன் செங்கோடன்

*

ஓமலூர்
20.1.2025

மச்சானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். உன் கடிதத்தை இன்பமேரிதான் பிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே ரூமிலயா? ஒருத்தராவது முழுசா ஊடு வந்து சேர வேண்டாமுங்களா?" என்றாள். ஆகவே நான் வரவில்லை.

படித்தவர்கள் மருந்து, மாத்திரை என்று கேட்பார்கள். நீ சிரிப்பைக் கேட்டால் உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இருந்தாலும் கேள்.

இப்போதெல்லாம் டிவியில் செய்தி மட்டும் பார்க்கிறேன். சிரிப்பே வராது, நெஞ்சுக்கு நல்லது. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

கிறிஸ்துராஜ்

*

திருச்செங்கோடு
10.2.2025

மாப்பிள்ளை,

இதைத் தங்கச்சிக்கும் படித்துக் காட்டு.

எங்கள் மேசையில் ஐந்து பேரும் போர் வண்டி ஆட்கள். பத்துக் கேள்வி, பத்து அட்டை, நம் சிரிப்பும் அதில் ஒன்று. எனக்கு எழுத்துத் தெரியாது என்று ஒருதடவை படிக்கச் சொன்னேன், பத்தும் மனதில் ஏறிவிட்டன. எண்பத்தாறில் வெண்ணந்தூரில் போட்ட போருக்கு எத்தனை அடியில் தண்ணீர் என்று இன்றைக்கும் சொல்வேனே. முக்கியத்தின்படி வரிசையாக வைக்கச் சொன்னார்கள், வைத்தோம்.

டாக்டரம்மா வந்து பார்த்து, சிரிப்பு அட்டை பத்தாவதாக இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்றார். அப்புறம்தான் புரிந்தது. போர் போடும்போது ஒவ்வொரு ராடு உள்ளே இறங்கும்போதும் ஒரு கை மண் எடுத்து வரிசையாகக் குவித்து வைப்போமே, கடைசிக் குவியலில்தானே ஈரம் இருக்கும்? ஐந்து பேரும் அதே பழக்கத்தில் வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

"மேல்மண்ணை யாருங்க தேடுவாங்க? தண்ணி கடைசியிலதானுங்க வரும்" என்றேன்.

கூடமே சிரித்தது. சிரித்த நோயாளிகள் அத்தனை பேரும் இருமத் தொடங்கினார்கள். கூடம் அடங்க வெகுநேரமாயிற்று. டாக்டரம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அட்டையை எடுத்து அவரே முதலில் வைத்தார். எல்லா மேசையும் சேர்ந்த முழுப் பட்டியலில், மருந்துக்கும் ஆக்சிஜனுக்கும் அடுத்தது நம் சிரிப்புத்தான்.

பதில் வர வருசங்கள் ஆகுமாம். அதுவரை, சிரிப்பு முட்டினால் முன்னால் குனிந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னார். "சிரிக்காதீங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

உன் செங்கோடன்

*

ஓமலூர்
17.2.2025

மச்சான்,

இன்பமேரி உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். மண் குவியல் வந்த இடத்தில் அவளுக்கே தாங்கவில்லை. நானும் சிரித்தேன், இருமினேன், குனிந்து ஊதினேன். என் விரலில் ஆக்சிஜன் அளக்கும் மெஷினை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் இறங்கிற்று, பிறகு ஏறிற்று. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தும் எழுந்திரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிளம்புங்க. நானும் வாரேன்" என்றாள்.

ஆக்சிஜன் சிலிண்டர், மெஷின், கோழிக்குழம்பு, இன்பமேரி எல்லாம் காரில் வருகிறோம். நாங்கள் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள்ளும்வரை நீ வாயைத் திறக்காதே. கையில் இருக்கும் கதைகளில் நல்லதைக் கடைசியில் வை.

உன் மாப்பிள்ளை
கிறிஸ்துராஜ்