தமிழ் எழுத்துப் புரோகிராமை வைரஸ் என்று கூறி என்னை வேலையிலிருந்து நீக்கியது குறித்து

அனுப்புநர்
ச. பாக்கியமேரி, த/பெ. சவரி,
மாதாகோயில் தெரு, நல்லம்பள்ளி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
துணைப்பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுத் துறை, தருமபுரி.

பொருள்: வட்டார மா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் – கணிப்பொறி இயக்குநர் நீக்கம் – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விசாரணையன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வைரஸ் இருந்த பிளாப்பி வட்டைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் திரு. சென்னப்பன் அவர்களின் மைத்துனர் திரு. மாதேஸ்வரன் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் கணிப்பொறி படிப்பவர் என்று அவரையே என்னை விசாரிக்க உட்கார வைத்திருந்தார்கள். அவரைப் பற்றி அவரிடமே எப்படிப் புகார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2. ஆயுதபூஜையில் பொட்டு வைத்த எதையும் விஜயதசமியன்று ஒருமுறை ஓட்டிவிடுவது சங்கத்தின் வழக்கம். தராசில் ஒரு கூடை மாங்கன்று மண்ணையாவது நிறுத்து இறக்குவார்கள். ஜீப்பைத் தெருமுனைவரை ஓட்டிவருவார்கள். இவ்வாண்டு கணிப்பொறிக்கும் அதைச் செய்தார்கள். திரு. மாதேஸ்வரன் தம்முடைய விளையாட்டுப் பிளாப்பியைப் போட்டு இயந்திரத்தைத் தொடங்கினார். பிறகு, பொட்டு வைத்த சங்கப் பிளாப்பிகள் ஒவ்வொன்றையும் அதே இயந்திரத்தில் செலுத்தி ஓட்டி எடுத்தார்கள். வெளிப் பிளாப்பியைப் போட்ட கையோடு நம்முடையதைப் போட வேண்டாம், அதிலிருப்பது நம்முடையதிலும் தொற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். "சாமி காரியத்துல உனக்கென்னம்மா பேச்சு? அதையெல்லாம் மாதாகோயில்ல போயி சொல்லு" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

3. சில நாட்களில் திரையில் ஒரு புள்ளி, பந்துபோல் ஓரங்களில் மோதி ஓடத் தொடங்கியது. "பாக்க நல்லாத்தானுங்க இருக்குது, இருந்துட்டுப் போவுட்டுமே" என்றார் எழுத்தர் ராணியம்மாள். உறுப்பினர் பட்டியல் இருந்த பிளாப்பி படிக்க முடியாமல் போனதும் விசாரணை வைத்தார்கள். திரு. மாதேஸ்வரன் நினைவகத்தில் ஒரு புரோகிராம் தங்கியிருப்பதைக் கண்டார். "வேலை முடிஞ்சும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்குது பாருங்க மாமா, இதுதான் வைரஸு. யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "ஊர்ல இருக்கற சீக்கு பத்தாதுன்னு மிஷினுக்கும் கொண்டாந்துட்டியா?" என்று செயலாளர் கேட்டார்.

4. ஐயா, அது செயலாளரின் கையொப்பத்தோடு சேலம் கம்பெனியிலிருந்து வாங்கிய தமிழ் எழுத்துப் புரோகிராம். விசையை அழுத்தும்போதெல்லாம் தமிழ் எழுத்தைத் தர வேண்டியிருப்பதால் அது நினைவகத்தில் தங்கித்தான் ஆக வேண்டும். தங்கியிருப்பது மட்டுமே குற்றம் அல்ல. எங்கிருந்து வந்தது, யார் அழைத்து வந்தது, அதை விலக்கியபின் கோளாறு நிற்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். பூஜைக்கு எடுக்காத கம்பெனிப் பிளாப்பியில் தொடங்கி, தமிழ்ப் புரோகிராமை ஏற்றினால் பந்து வரவில்லை. பூஜைப் பிளாப்பியில் தொடங்கினால், தமிழ்ப் புரோகிராமை ஏற்றாதபோதும் நினைவகத்தில் காலியிடம் குறைகிறது, பந்தும் வருகிறது. இதை அவர்கள் எதிரிலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். அனுமதி இல்லை. தமிழ்ப் புரோகிராமை அழித்தார்கள். மறுநாளும் பந்து ஓடியது. அன்று மாலையே என் நீக்க ஆணையைக் கொடுத்தார்கள்.

5. இம்மாவட்டத்தில் கணிப்பொறி உள்ள இடங்கள் மிகச் சில. அங்கெல்லாம் எனக்கு முன்பாக 'வைரஸ் மேரி' என்ற பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் கற்ற ஒரே தொழில் இது. ஒரு நிறுவனத்தில் வாசற்படியிலேயே என்னை நிறுத்தி, எதையும் தொட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

6. எனவே, சங்கத்திற்கும் செயலாளரின் குடும்பத்திற்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு அப்பிளாப்பிகளைச் சோதிக்கவும், நீக்க ஆணையை ரத்து செய்யவும், என் மீது குற்றம் இல்லையெனில் அதை எழுத்தில் தரவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரக்கம் கேட்கவில்லை, சோதனை கேட்கிறேன்.

இடம்: நல்லம்பள்ளி
நாள்: 20.11.1989

இப்படிக்கு,
ச. பாக்கியமேரி

பின்குறிப்பு: மனுவை எழுதி முடித்தபின் தெரிய வந்தது. சேலத்திலிருந்து வந்த பொறியாளர் பூஜைப் பிளாப்பிகள் அனைத்தையும் அழித்துவிட்டு, தமிழ் எழுத்துப் புரோகிராமை மறுபடி ஏற்றிக் கொடுத்துச் சென்றிருக்கிறார். கணிப்பொறி இயக்குநராக இன்று காலை முதல் திரு. மாதேஸ்வரன் பணியாற்றுகிறார்.