காற்றை நிறுத்திய பிறகு

இன்று காலை கிழக்கு ஓரத்தில் நிலத்தடி நீரைச் சோதிக்கும் குழாயின் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை. லேசாக. காற்றைச் செலுத்தும் இயந்திரத்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. உடனே உன்னைக் கூப்பிட போனை எடுத்தேன். நீ இறந்து ஏழு மாதம்.

கனகம்மாசத்திரம் சாலையில் மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க். அதன் தொட்டி கசிந்துதான் பின்வீட்டு எஸ்தர் அக்காவின் கிணறு கெட்டது. நிலத்தடி நீருக்குள் ஆழத்தில் காற்றைச் செலுத்தினால், அது மேலேறும்போது பெட்ரோலை ஆவியாக்கி எடுத்து வரும். அந்த ஆவியை மேலே உறிஞ்சிவிடலாம். நாம் சேர்ந்து செய்த முதல் வேலை. வரைபடம் நான், களம் நீ.

எட்டுக் காற்றுக் குழாய்களைச் சம இடைவெளியில் வரைந்திருந்தேன். துளை போட்ட அன்று களத்திலிருந்து போனில் கூப்பிட்டாய்.

"கிழக்கால களிமண்ணு கீதுடா. காத்து மேல ஏறாம பக்கத்துல பூடும். களிமண்ணத் தாண்டி ஒண்ணு போடணும்."

"ஒப்புதல் வாங்கியாச்சுடா. மாத்தினா ரெண்டு மாசம் இழுக்கும்."

"ஆங், உன் தாளப் பாத்துட்டு மண்ணு வழி விடும், பாத்துகினே இரு."

சிரித்தோம். குழாய் நான் வரைந்த இடத்திலேயே இறங்கியது.

தண்ணீர் மாதிரிகள் சுத்தமாக வரத் தொடங்கின. நீ மட்டும் நம்பவில்லை. "மிஷினு ஓடச்சொல்ல தண்ணி நல்ல புள்ளையாட்டம் நடிக்கும். நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு எடு" என்றாய். பிறகு காய்ச்சல். ஐந்தே நாள். செய்தி வந்தபோது களத்தில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன். அடுத்த எண்ணையும்.

வேலை முடிந்தது என்று எழுதித் தரும்படி அலுவலகம் கேட்டது. எழுதவில்லை. நீ சொன்னபடி இயந்திரத்தை நிறுத்தினேன்.

மூடியைத் திறந்தபோது எஸ்தர் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, புள்ளைங்களுக்குக் குடிக்கக் குடுக்கலாமா?"

"இல்லக்கா. ஒரு குழாய தப்பான எடத்துல போட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "அந்தத் தம்பி அப்பவே இங்க நின்னுகினு போன்ல கத்துனாரே. உங்க கிட்டயா?"

"ஆமாங்க்கா."

"அப்போ இன்னும் லாரித் தண்ணிதான்" என்று உள்ளே போனார்.

மதியம் அறிக்கை எழுதினேன். வடிவமைப்பில் தவறு என்று எழுதி, யாருடையது என்றும் எழுதினேன். நீ சொன்னதையும், நான் மறுத்ததையும். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

இனி எங்கே போனாலும், இயந்திரம் ஓடும்போது எடுத்த தண்ணீரை நம்பமாட்டேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்த நம்பாமை ஒன்றுதான்.